ஈரக் கல்லின் நிறம்

எங்கள் வீட்டுக் குளியலறைச் சுவருக்கு நான் தேர்ந்தெடுத்த நிறத்தைப் பார்த்துப் பாராட்டாதவர்கள் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தப் பாராட்டையெல்லாம் நான் எவ்வளவு ஆசையாக வாங்கி முடிந்துகொண்டேன் என்பது தெரிந்தால்தான், இப்போது அந்தப் பேச்சு வரும்போதெல்லாம் என் முகம் ஏன் சுண்டிப்போகிறது என்பதும் புரியும்.

வீடு அந்தமானில், லம்பா லைன் பகுதியில். கணவர் தீவுகளுக்கிடையே ஓடும் கப்பலில் எஞ்சின் அறையில் வேலை பார்க்கிறார். மாதத்தில் பாதி நாள் கடலில்தான். நான் ஹேடோவில், துறைமுகத்தை ஒட்டிய ஓர் அலுவலகத்தில் எழுத்தர். மெயின்லேண்டிலிருந்து வந்து இறங்கும் சரக்குகளின் காகிதங்கள் என் மேசையைத் தாண்டித்தான் போக வேண்டும். ஊரில் யார் வீட்டுக்குப் புது ஃபிரிஜ் வருகிறது, யார் வீட்டுக்கு மார்பிள் வருகிறது என்று வீட்டுக்காரருக்கு முன்னால் எனக்குத் தெரியும். அதனாலேயே எனக்குக் கொஞ்சம் கண் பெரிது.

வீட்டில் மூன்றாவது ஆள் என் மாமனார். இலங்கை மலைநாட்டில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். இளவட்டமாக இருக்கும்போது குடும்பத்தோடு கப்பலேறி வந்து, அந்தமானுக்குத் தெற்கே கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிக் காலம் கழித்தவர். ராமநாதபுரம் பக்கம் இருக்கும் என் சொந்தக்காரர்களிடம், கல்யாணப் பேச்சின்போது, "மாப்பிள்ளையின் அப்பா பிளாண்டேஷனில் வேலை பார்த்தவர்" என்று சொன்னோம். அவர் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்ததாக அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். அந்த நினைப்பை நான் இன்றுவரை திருத்தவில்லை.

மாமியார் இறந்த பிறகு மாமனார் கொஞ்ச காலம், வடக்கே பஸ்ஸில் போகும் தூரத்தில் இருக்கும் ரங்கத் என்ற ஊரில், நாத்தனார் வீட்டில் இருந்தார். பிறகு எங்களிடம் வந்தார். வரும்போதே வீட்டில் ஒரு பேச்சு நடந்தது. நன்றாக நடமாடும் வரை எங்களோடு இருக்கட்டும், முடியாமல் போனால் திரும்ப ரங்கத்துக்கு. நாத்தனார் வீட்டோடு இருப்பவள், நானோ வேலைக்குப் போகிறவள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. கூடத்தில் உட்கார்ந்து நானும் கணவரும் இதைப் பேசியபோது மாமனார் பக்கத்து அறையில் இருந்தார். கதவு திறந்திருந்தது. தெரிந்தேதான் நான் சத்தத்தைக் குறைக்கவில்லை.

அவருக்கோ எங்கள் வீட்டில் இருக்கத்தான் ஆசை. மாலையில் ஏர்போர்ட் ரோட்டு டீக்கடையில் கச்சாலில் கூட வேலை பார்த்த இரண்டு மூன்று பேர் கூடுவார்கள். கப்பல் திரும்பும் நாளில் மகனோடு உட்கார்ந்து மீன் சாப்பிடுவார். அந்த இரண்டும் இருந்தால் அவருக்கு வேறு எதுவும் தேவைப்படவில்லை. டீக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போக தினமும் ஒருவர் வாசலுக்கே வந்து கையைப் பிடித்துக்கொள்வார். என்ன நட்பு இந்த வயதில் என்று நான் சிரித்திருக்கிறேன்.

இனி குளியலறைக்கு வருகிறேன். மெயின்லேண்டில் சொந்தபந்தம் உள்ளவர்கள் எல்லோருக்கும் இங்கே ஒரு தலைவலி உண்டு. எல்.டி.சி. என்ற அரசாங்கப் பயணச் சலுகையைப் போட்டுக்கொண்டு அந்தமான் பார்க்கக் கிளம்பி வருவார்கள். தங்குவது நம் வீட்டில். கடலைப் பார்த்து வாயைப் பிளப்பார்கள், நம் வீட்டைப் பார்த்து உச்சுக் கொட்டுவார்கள். "பாவம், தீவுல இதெல்லாம் கெடைக்காதுல்ல" என்று ஒரு டீஸ்பூனைப் பார்த்துக்கூடச் சொல்வார்கள். சென்னையில் இருக்கும் என் அக்கா முதல் முறை வந்தபோது எங்கள் குளியலறை சிமெண்டுத் தரையும், மூலையில் நீல நிற டிரம்மும், ஈரத்தில் உரிந்துவிழும் சுண்ணாம்புச் சுவருமாக இருந்தது. அக்கா செருப்பைப் போட்டுக்கொண்டே குளித்துவிட்டு வந்தாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூட இவ்வளவு சுட்டிருக்காது.

அவள் மறுபடி வருகிறாள் என்று தெரிந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. குளியலறையைப் பெயர்த்துப் போட்டு, கல் பதிப்பது என்று முடிவு செய்தேன். பளபளக்கும் டைல்ஸ் இல்லை. அது எல்லோர் வீட்டிலும் இருக்கிறது. இயற்கைக் கல். பாலிஷ் போடாத கோட்டா கல்லைச் சதுரமாக வெட்டிச் சென்னையிலிருந்து வரவழைத்தேன். கப்பல் தாமதமாகி, ஒரு வழியாக ஹேடோவில் பெட்டிகள் இறங்கிய அன்று மத்தியானச் சாப்பாட்டை விட்டுவிட்டுப் போய் நின்று பார்த்தேன்.

தரை முழுவதும் அந்தக் கல். ஷவர் இருக்கும் பக்கச் சுவரில் தலை உயரத்துக்கு அதே கல். மற்ற மூன்று சுவர்களுக்கும் பெயிண்ட். குளிக்கிற தண்ணீர் அறை முழுக்கப் பரவாமலிருக்க நடுவில் முழங்கால் உயரத்துக்கு ஒரு குட்டைச் சுவர் வைக்கச் சொன்னேன். அக்கா அனுப்பியிருந்த ஏதோ ஒரு வீடியோவில் அப்படித்தான் இருந்தது.

அதன் பிறகு நிறம் தேடும் படலம். ஒரு துண்டுக் கல்லைக் கைப்பையில் போட்டுக்கொண்டு ஒரு மாதம் அலைந்தேன். அலுவலகத்தில் என் மேசை மேல் காகிதம் பறக்காமலிருக்க அதுதான் இருந்தது. பெயிண்ட் கடைக்காரர் கொடுத்த ஷேட் கார்டை விசிறி மாதிரி விரித்து, ஒவ்வொரு நிறத்தையும் கல்லின் பக்கத்தில் வைத்து, ஜன்னலோரம் ஒரு முறை, டியூப் லைட்டுக்குக் கீழே ஒரு முறை, மேகம் மூடியிருக்கும்போது ஒரு முறை என்று பார்த்தேன். அந்த அட்டையில் நிறங்களுக்கு வைத்திருக்கும் பெயர்களை நம் பிள்ளைகளுக்குக்கூட வைக்க மாட்டோம், அவ்வளவு ஸ்டைல். சந்தன நிறம் வைத்தால் கல் அழுக்காகத் தெரிந்தது. இளநீலம் வைத்தால் கல்லில் இருக்கும் பச்சை செத்துப்போனது. ரோஜா நிறத்தைப் பார்க்கவே சகிக்கவில்லை.

அப்புறம்தான் எனக்கு மூளை வேலை செய்தது. காய்ந்த கோட்டா கல் வெளிறிய சாம்பல் நிறம். நனைந்தால் அதுவே கரும்பச்சை ஓடிய ஆழ்ந்த சாம்பலாக மாறிவிடும். குளியலறையில் கல் நனைந்துதானே இருக்கும்? அப்படியானால் சுவர் நிறத்தைக் காய்ந்த கல்லோடு ஏன் பொருத்திப் பார்க்க வேண்டும்? துண்டுக் கல்லை ஒரு கிண்ணம் தண்ணீரில் போட்டு எடுத்து, ஈரத்தோடு அட்டையில் வைத்தேன். ஒரு நிறம் அப்படியே கல்லோடு கலந்துபோனது. கல் எங்கே முடிகிறது, அட்டை எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. இதுதான் என்று முடிவு செய்தேன். அன்றைக்கு எனக்கு இருந்த பெருமையைச் சொல்லி மாளாது.

பெயிண்டர் பல வருடமாக இந்தத் தீவில் இருக்கும் வங்காளி. வேலையில் கெட்டிக்காரர். நான் சொன்னதைக் கேட்டுத் தூரிகையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "பாபி, சப் ஏக் ஜைசா? தீவார் பீ, தர்வாஜா பீ?" என்றார். சுவரும் கதவும் எல்லாம் ஒன்று போலவா அண்ணி என்று அவருக்குச் சந்தேகம். குட்டைச் சுவரைக் காலால் தட்டிக் காட்டி, இதற்காவது வேறு நிறம் அடிக்கட்டுமா என்று கேட்டார். வேண்டாம், எல்லை எங்கேயும் தெரியக் கூடாது என்றேன். பளபளப்பு பெயிண்ட் அடித்தால் துடைக்கச் சுலபம் என்றார். பளபளப்பும் வேண்டாம், கல் மாதிரி மங்கலாக இருக்கட்டும் என்றேன்.

மாமனார் வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "வெள்ளையா அடிச்சுட்டா என்னா தாயி? பளிச்சுனு தெரியும்" என்றார்.

"மாமா, இது லயம் இல்ல" என்றேன்.

தோட்டத்துத் தொழிலாளர்களை அடைத்து வைத்த வரிசை வீடுகளுக்கு லயம் என்று பெயர். வருடத்துக்கு ஒரு முறை வெள்ளையடிப்பார்கள் என்று அவரே எனக்குச் சொல்லியிருக்கிறார். அந்தக் கதையை எடுத்து அவர் மேலேயே வீசினேன். அவர் சிரித்தார். "அது சரி" என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போனார். பெயிண்டருக்குத் தமிழ் தெரியாது, ஆனாலும் அவர் என்னைப் பார்க்காமல் டப்பாவைத் திறக்கக் குனிந்துகொண்டார்.

வேலை முடிந்ததும் பக்கத்து வீட்டுக்காரர்கள் வரிசையாக வந்து பார்த்தார்கள். குளியலறையை வந்து பார்க்கிற அளவுக்கு ஊரில் வேறு விசேஷம் இல்லையா என்று கணவர் கேலி செய்தார். ஹோட்டல் மாதிரி இருக்கிறது என்றார்கள். தண்ணீர் ஊற்றிக் காட்டு என்று கேட்டவர்களுக்கு ஊற்றிக் காட்டினேன். தரை கறுத்து, சுவரோடு ஒன்றாகி, அறையே ஒரு கல்லில் குடைந்தது மாதிரி ஆனது. நிறம் யார் தேர்ந்தெடுத்தது என்று கேட்கும்வரை காத்திருந்து, நான்தான் என்றேன்.

இரண்டு வாரத்தில் சுவரில் கறைகள் வர ஆரம்பித்தன. மார்பு உயரத்தில், வரிசையாக, உள்ளங்கை அளவில். மங்கலான பெயிண்டில் கை எண்ணெய் பட்டால் அப்படியே பிடித்துக்கொள்ளும். நான் ஈரத்துணியால் துடைப்பேன், மறுநாள் மறுபடி இருக்கும். ஒரு நாள் பொறுக்க முடியாமல், "யாரு சொவத்துல கை வைக்கிறது? இவ்வளவு செலவு பண்ணி அடிச்சிருக்கு, கொஞ்சமாவது அக்கறை வேணாமா?" என்று கூடத்தில் நின்று சத்தம் போட்டேன். கணவர் கடலில் இருந்தார். வீட்டில் இருந்தது நானும் மாமனாரும் மட்டும். யாரோ ஒரு கூட்டத்தைத் திட்டுவதுபோல ஒற்றை மனிதரைத் திட்டினேன்.

அதற்குப் பிறகு கறைகள் நின்றுவிட்டன. மாமனார் பின்பக்கம், தண்ணீர் பிடித்து வைக்கும் தொட்டிக்குப் பக்கத்தில் குளிக்க ஆரம்பித்தார். குழாயில் தண்ணீர் சில நாளுக்கு ஒரு முறைதான் வரும் என்பதால் அந்தத் தொட்டியை எப்போதும் நிரப்பி வைத்திருப்போம். துண்டைக் கட்டிக்கொண்டு, சொம்பால் மொண்டு ஊற்றிக்கொள்வார். ஏன் என்று நான் கேட்கவில்லை. என் சுவர் சுத்தமாக இருந்தது. எனக்கு அது போதுமாக இருந்தது.

அக்கா வந்தாள். குளியலறையைப் பார்த்து அப்படியே நின்றாள். செருப்பைக் கழற்றி வெளியே விட்டாள். அதைக் கவனித்தேன், மனதுக்குள் எத்தனையோ வருடத்துக் கணக்கு தீர்ந்த மாதிரி இருந்தது. சுவரைத் தடவிப் பார்த்து, "எப்படிடி இந்தக் கலரைப் புடிச்ச? கல்லோட கல்லா இருக்கே" என்றாள். ஈரக் கல் விஷயத்தை விலாவாரியாகச் சொன்னேன். அவள் கணவர் போட்டோ எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டார்.

மறுநாள் காலையில் காபியோடு பின்வாசலில் நின்றபோது, மாமனார் தொட்டியடியில் குளித்துக்கொண்டிருந்தார்.

"என்னடி, உன் மாமனாரு வெளியில குளிக்கிறாரு? உள்ள இவ்வளவு அழகா கட்டி வச்சிருக்க?" என்றாள் அக்கா.

அப்போது நான் என்ன வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். தெரியலக்கா என்று சொல்லியிருக்கலாம். அதுதான் உண்மை. நான் சிரித்துக்கொண்டு, "அவங்க எஸ்டேட் ஆளுங்கக்கா. லயத்துல பொறந்து வளர்ந்தவங்களுக்கு இதெல்லாம் ஒத்துக்காது. நாலு சொவத்துக்குள்ள குளிச்சா மூச்சு முட்டும்" என்றேன். பிளாண்டேஷனில் வேலை பார்த்தவரைப் பற்றி நானாகவே வாய்விட்டுச் சொன்ன ஒரே உண்மை அந்த 'எஸ்டேட் ஆளு' என்பதுதான். அதையும் ஒரு கேலிக்காகச் சொன்னேன்.

அவர் பத்தடி தூரத்தில் இருந்தார். சொம்பு பாதி வழியில் நின்றது. பிறகு எங்கள் பக்கம் திரும்பிச் சிரித்தார். "ஆமாங்கம்மா, பழகுன ஒடம்பு. காத்தாட ஊத்துனாத்தான் குளிச்ச மாதிரி இருக்கும்" என்றார். சிரிப்பு எங்கள் முகத்துக்கு நேராக வரவில்லை. எங்களைத் தாண்டி இருந்த பப்பாளி மரத்தைப் பார்த்துச் சிரித்த மாதிரி இருந்தது. கூச்சப்படுகிறார் என்று நினைத்தேன். அக்காவும் சிரித்தாள். காபி ஆறுவதற்குள் நாங்கள் வேறு பேச்சுக்குப் போய்விட்டோம்.

அக்கா ஊருக்குப் போன பிறகு மழை பிடித்தது. இங்கே மழை பிடித்தால் விடுகிற மழை இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, மூன்றாவது நாளாக ஊற்றிக்கொண்டிருந்தது. மாமனார் சளி பிடித்து இருமிக்கொண்டிருந்தார். "வெளிய வேணாம் மாமா, உள்ள வெந்நீர் வச்சிருக்கேன்" என்றேன். கொஞ்சம் தயங்கிவிட்டுப் போனார்.

தண்ணீர்ச் சத்தம் நின்று வெகுநேரம் ஆகியும் அவர் வரவில்லை. எனக்கு எரிச்சல்தான் வந்தது. துணி ஊற வைத்திருந்தேன், எடுக்க வேண்டும். "மாமா?" என்றேன். "வந்துட்டேன் தாயி, இந்தா வந்துட்டேன்" என்றார். வரவில்லை. கதவில் கை வைத்தேன், திறந்துகொண்டது. தாழ்ப்பாள் போடவில்லை.

வேறு வேட்டி கட்டி, சட்டையும் போட்டுக்கொண்டு நின்றிருந்தார். எனக்கு முதுகு காட்டி, எதிர்ப்பக்கச் சுவரில் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்து, ஒவ்வோர் அடியாகப் பக்கவாட்டில் நகர்ந்துகொண்டிருந்தார். கை மேலும் கீழும் தடவித் தடவிப் போனது. எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகுதான் அவர் கதவைத் தேடுகிறார் என்று புரிந்தது. கதவு அவருக்குப் பின்னால் இருந்தது.

வெளிச்சம் உள்ளே விழுந்ததும் திரும்பினார். தோளில் கிடந்த துண்டை அவசரமாக எடுத்துச் சுவரைத் துடைக்க ஆரம்பித்தார். "கை பட்ருச்சு தாயி. கறையாவுறதுக்குள்ள தொடச்சுர்றேன்" என்றார்.

நான் "பரவால்ல மாமா" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அவர் சொன்ன பொய்யை அப்படியே வாங்கிக்கொண்டு வழிவிட்டு நின்றேன். அவர் குனிந்து குட்டைச் சுவரின் மேல்புறத்தைக் கையால் தொட்டுப் பார்த்து, சாக்கடையைத் தாண்டுகிறவர் மாதிரி காலை உயரத் தூக்கி வைத்தார். வேட்டி விலகியது. முன்னங்கால் எலும்பு நெடுக அடிபட்ட தடங்கள். சில பழையவை, கறுத்துத் தழும்பாகியிருந்தன. சில புதியவை, கன்றி நீலமாக இருந்தன.

அவர் போன பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். தரை ஈரமாக இருந்தது. கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பார்த்தேன். தரை, குட்டைச் சுவர், சுவர், கதவு எதுவும் தனியாக இல்லை. காய்ந்திருக்கும்போதாவது தரை வெளிறித் தெரியும். ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றியதும் அதுவும் போய்விடும். குளிக்க ஆரம்பிக்கிற அந்த நொடியில் அறை அவரைச் சுற்றிக் காணாமல் போகும்படி, ஒரு மாதம் அலைந்து, கிண்ணத்தில் கல்லை நனைத்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். பளிச்சென்று தெரியும் என்று அவர் சொன்னது ரசனை இல்லாததால் அல்ல. அவர் எனக்கு அந்த வாசற்படியிலேயே சொல்லிவிட்டார், தன்னால் முடிந்த அளவுக்கு. நான்தான் லயம் என்றேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

கறைகளை நினைத்தபோது அங்கே நிற்க முடியவில்லை. தினமும் அவர் கதவைக் கண்டுபிடித்த வழியை நான் தினமும் துடைத்திருக்கிறேன்.

மறுநாள் அலுவலகத்துக்கு லீவு போட்டு அவரைக் கண் மருத்துவரிடம் கூட்டிப்போனேன். சும்மா ஒரு செக்கப் என்று சொன்னேன். அவருக்கு வர இஷ்டமில்லை. "கண்ணுக்கு ஒண்ணும் இல்ல தாயி, நல்லாத்தான் தெரியுது" என்று ஆட்டோவில் மூன்று முறை சொன்னார். டாக்டர் தமிழ்தான். வெகுநேரம் பார்த்துவிட்டு, ஓரப் பார்வை போய் நாளாகிவிட்டது, போனது திரும்பாது, இருப்பதைச் சொட்டு மருந்தில் காப்பாற்றலாம் என்றார். ஒரே நிறத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிற எதையும் இவருக்குப் பிரித்துப் பார்க்க வராது என்றார். பிறகு என்னைப் பார்த்து, "வீட்டுல எங்கயாவது இடிச்சுக்கிறாரா? தடுமாறுறாரா?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் மாமனார் முந்திக்கொண்டார். "வீட்டுல ஒரு கஷ்டமும் இல்லீங்க டாக்டர். மருமக எல்லாத்தையும் நல்லா கட்டி வச்சிருக்கு."

டாக்டர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். அவர் காலில் இருந்த அடிகளைப் பற்றி நான் சொல்லவில்லை. சொட்டு மருந்து எழுதிய சீட்டை வாங்கிக்கொண்டு எழுந்தேன்.

வீட்டுக்கு வந்து டீ போட்டு எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனேன். கட்டில் மேல் அவருடைய தகரப் பெட்டி திறந்திருந்தது. அலமாரியிலிருந்து வேட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்து, ஓரத்தை விரலால் தடவிச் சரிபார்த்து, மடித்து உள்ளே வைத்துக்கொண்டிருந்தார்.

"என்ன மாமா பண்றீங்க?"

"நாளைக்கு ரங்கத் பஸ்ஸுக்கு டிக்கெட்டு கெடைக்குமா தாயி?"

"எதுக்கு?"

"முடியாமப் போனா அங்கதானே? அதான் இன்னைக்குத் தெரிஞ்சு போச்சே" என்றார். குரலில் கோபம் துளியும் இல்லை. வேலை நேரம் முடிந்து வீட்டுக்குக் கிளம்புகிறவர் மாதிரிதான் சொன்னார். "எவ்வளவு நாளு மறைக்க முடியும்? கப்பல்லேருந்து அவன் வர்றதுக்குள்ள நான் போயிர்றேன். நானாத்தான் போவணும்னு அடம் புடிச்சேன்னு அவன்கிட்ட சொல்லிரு. ஒனக்குப் பேச்சு வரக்கூடாது."

நான் சொல்ல வேண்டிய பொய்யையும் அவரே மடித்து என் கையில் கொடுத்தார். நான் டீயைத் தரையில் வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அழவில்லை. அழுதால் அவர் என்னைத் தேற்ற ஆரம்பித்துவிடுவார் என்று பயமாக இருந்தது. "நீங்க எங்கயும் போக வேணாம் மாமா. தப்பு எம்மேலதான்" என்றேன்.

"கண்ணு போனதுக்கு நீ என்னா தாயி செய்வ?" என்றார்.

அக்காவிடம் நான் சொன்னதைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று வாய்வரை வந்தது. அதற்கு மேல் வரவில்லை. எழுந்துபோய் அந்தத் துண்டுக் கல்லையும் ஷேட் கார்டையும் எடுத்து வந்தேன். கல்லை நனைத்து அவர் மடியில் வைத்து, ஒவ்வொரு நிறமாகப் பக்கத்தில் காட்டி, எது தெரிகிறது என்று கேட்டேன். எல்லாவற்றுக்கும் "நல்லாருக்கு" என்றார். என்னிடம் அதைத் தவிர வேறு பதில் சொல்லக் கூடாது என்று நான் அவரைப் பழக்கியிருந்தேன். நல்லா இருக்கா என்று கேட்கவில்லை, தெரிகிறதா என்றுதான் கேட்கிறேன் என்று பல முறை சொன்ன பிறகு, கடைசியில் வெள்ளையைத் தொட்டார், பிறகு அடர்நீலத்தை. மிகவும் தயங்கி, "அந்தக் குட்டைச் சொவரு மட்டும்… அது அவசியமா தாயி?" என்றார்.

அந்த வாரமே குட்டைச் சுவரை இடித்தோம். சுவர்களுக்கு வெள்ளை, கதவுக்கு அடர்நீலம், கதவுவரை சுவரில் பிடித்துக்கொண்டு போக ஒரு நீலக் கம்பி. பெயிண்டர் வந்து பார்த்துவிட்டு, அந்த நிறம் பிடிக்கவில்லையா என்று ஹிந்தியில் கேட்டார். ஆமாம், பிடிக்கவில்லை என்று மட்டும் சொன்னேன். கணவர் கப்பலிலிருந்து வந்ததும் அப்பாவின் கண்ணைப் பற்றிச் சொன்னேன். சுவரில் இருந்த கைக்கறைகளைப் பற்றிச் சொல்லவில்லை. பின்வாசலில் நான் சிரித்ததையும் சொல்லவில்லை.

அக்கா வீடியோ காலில் பார்த்தாள். "ஏன்டி மாத்தின? எவ்வளவு கிளாஸா இருந்துச்சு. இப்ப ஆஸ்பத்திரி மாதிரில்ல இருக்கு" என்றாள்.

"மாமாவுக்குக் கண்ணு சரியில்லக்கா. அவருக்காகத்தான்."

"உன்ன மாதிரி ஒரு மருமக யாருக்குடி கெடைக்கும்!" என்றாள். அதையும் வாங்கிக்கொண்டேன்.

இப்போது மாமனார் உள்ளேதான் குளிக்கிறார். தாழ்ப்பாள் போட்டுக்கொள்கிறார். காலில் இருந்த நீலங்கள் ஆறிவிட்டன. ரங்கத் பேச்சை அவரும் எடுப்பதில்லை, நானும் எடுப்பதில்லை. ஆனால் அன்று மடித்து வைத்த பெட்டி இன்னும் பிரிக்கப்படவில்லை. தினமும் காலையில் கட்டிலுக்கடியிலிருந்து அதை இழுத்து, ஒரு வேட்டியை மட்டும் எடுத்துக்கொண்டு, மூடிக் கொக்கியை மாட்டி உள்ளே தள்ளிவிடுகிறார். துவைத்துக் காய்ந்ததையும் மடித்து அதிலேயே வைக்கிறார். அலமாரியில் அவருடைய தட்டு காலியாக இருக்கிறது. அலமாரியிலேயே வையுங்கள் மாமா என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்தேன். "இருக்கட்டும் தாயி, எடுக்கத் தோதா இருக்கு" என்றார்.